மீரிமின் கால் தளை

ஜிபேக் அந்த ஜிம்முக்கு முதன்முதலாகப் போனது உடம்பைத் தேற்ற அல்ல, குளிர் காய. அவள் இதை யாரிடமும் சொன்னதில்லை, நாமே சொல்லிவிடலாம். மலைநாட்டு நரின் ஊரில் நவம்பர் பிறந்துவிட்டால் மாணவியர் விடுதியில் கோட்டுப் போட்டுக்கொண்டுதான் படிக்க வேண்டும், கோட்டுப் போட்டுக்கொண்டுதான் தூங்கவும் வேண்டும். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியின் நிலவறையில், இப்போது ஜிம்மாகிவிட்ட பழைய நிலக்கரிக் கிடங்கின் ஊடாக வெந்நீர்க் குழாய் போகிறது, அதன் பக்கத்தில் உட்கார்ந்தால் உலகமே மறந்துபோகும் என்று அறைத்தோழி சொல்லியிருந்தாள். ஒரு மாலை பாடப் புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஜிபேக் படியிறங்கினாள்.

கதவைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

உள்ளே பத்துப் பன்னிரண்டு பேர், ஆணும் பெண்ணுமாக, கைப்பிடி வைத்த இரும்புக் குண்டுகளைக் கால்களுக்கு நடுவே ஆட்டித் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டிருந்தார்கள். எல்லாக் குண்டுகளும் ஒன்றாக மேலே போயின, ஒன்றாக நின்றன. அந்த நிற்கிற கணத்தில் ஒருவரும் மூச்சு விடவில்லை. பிறகு எல்லோரும் சேர்ந்து மூச்சு விட்டார்கள், அந்தச் சத்தம் சுவரில் மோதித் திரும்பி வந்தது. முன்வரிசையில் ஒரு பெண், ஜிபேக்கைவிட ஒரு சாண் குட்டை, இரண்டு கையிலும் இரண்டு குண்டுகளை உயர்த்திப் பிடித்திருந்தாள். சுவரோரம் விரித்திருந்த கம்பளத்தில் ஒரு கைக்குழந்தை உட்கார்ந்து, தலைக்கு மேல் நிற்கிற தன் தாயின் கைகளை வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தது.

குழந்தையின் வாயும் ஜிபேக்கின் வாயும் அந்த நேரத்தில் ஒரே மாதிரிதான் இருந்தன. அவளுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. அவளுக்குத் தெரிந்த உடம்பு வேலை செய்யும், வலிக்கும், தூங்கும். இப்படி ஒரு காரியத்தையும் அது செய்யும் என்று யாரும் அவளுக்குச் சொல்லவில்லை.

"கதவைச் சாத்துடீ, சூடெல்லாம் போகுது!" என்று ஒருத்தி கத்தினாள். அவள் அதினாய். உள்ளூர்க்காரி, தபால்காரர் மகள், வாய் கொஞ்சம் நீளம். "உள்ள வர்றியா, வெளிய போறியா? ஒண்ணைச் செய்."

"சும்மா... பார்க்க வந்தேன்."

"பார்த்துட்டுப் போக இது என்ன பொருட்காட்சியா? வந்தா தூக்கணும்."

பைஸ்தான் என்பவன் மூலையிலிருந்து ஒரு சின்னக் குண்டை எடுத்துவந்து அவள் முன் வைத்தான். நாலாம் வருட மாணவன். ஆள் கதவை அடைத்துக்கொண்டு நிற்பான், குரல் மட்டும் பள்ளிக்கூடப் பையன் குரல். குண்டு தூக்குகிற அந்தக் கிளப்புக்கு வாத்தியார் யாரும் கிடையாது. சாவி அவன் பையில் இருந்ததால் அவன் தலைவன். ஜிபேக் குண்டைத் தூக்கினாள். தூக்கி, முட்டை வைப்பது போலத் தரையில் சத்தமில்லாமல் வைத்தாள்.

"ஏன் திருட வந்தவ மாதிரி எடுக்கறே?" என்றான் பைஸ்தான். "நல்லா சத்தமா வை. இரும்புக்கு வலிக்காது."

எல்லோரும் சிரித்தார்கள். ஜிபேக்கும் சிரித்தாள், ஆனால் அடுத்த தடவையும் சத்தமில்லாமல்தான் வைத்தாள். அது அவள் உடம்பில் ஊறிப்போன பழக்கம். அவள் கைக்குழந்தையாக இருந்தபோதே அப்பாவும் அம்மாவும் மாஸ்கோவுக்கு வேலைக்குப் போய்விட்டார்கள். கொஞ்ச நாள் கொச்கோரில் பெரிய மாமா வீடு, அப்புறம் அத்-பாஷியில் அத்தை வீடு, அத்தைக்கு இரட்டைப் பிள்ளை பிறந்ததும் சித்தி வீடு, சித்தி வீட்டில் இடம் போதாமல் மறுபடி மாமா வீடு. யாரும் அவளை அடித்ததில்லை, பட்டினி போட்டதும் இல்லை. ஆனால் அவள் இரண்டாவது ரொட்டிக்குக் கை நீட்டும்போது மட்டும் வீட்டில் பேச்சு ஒரு கணம் நின்று மறுபடி தொடரும். அதனால் எல்லோருக்கும் முன்னால் எழுந்து, தன் படுக்கையை யாரும் படுக்காத மாதிரி மடித்து வைத்து, இருக்கிற இடம் தெரியாமல் இருக்கக் கற்றுக்கொண்டாள். அதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது.

அன்று பாடப் புத்தகத்தை அவள் திறக்கவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் கிளப் மலைக்கு ஓடும். பனி பெய்தாலும் ஓடும். பனி பெய்யாவிட்டால் ஓட்டம் ருசிக்கவில்லை என்று சொல்கிற ஆட்களும் அதில் உண்டு, அவர்களைத் திருத்த முடியாது. மலையோட்டத்துக்கு ஒரே ஒரு விதி: ஒருவர் நின்றால் எல்லோரும் நிற்க வேண்டும். முன்னொரு வருடம் மூடுபனியில் ஒருவன் கணுக்கால் பிசகி உட்கார்ந்துவிட, மற்றவர்கள் பேசிக்கொண்டே கீழே இறங்கிவிட்டார்கள். அவனைத் தேடிக் கண்டுபிடிக்கும்போது மதியமாகிவிட்டது. அதிலிருந்து இந்த விதி.

ஜிபேக்குக்கு விதி தெரியும். தெரிந்ததுதான் தொல்லை. முதல் ஓட்டத்திலேயே, பாதி ஏற்றத்தில், அவள் விலாவில் குத்தல் எடுத்தது. தன்னால் எல்லோரும் நிற்கக் கூடாதே என்று பல்லைக் கடித்துக்கொண்டு ஓடினாள். கடைசியில் கண் இருட்டியது. சத்தம் போடாமல் பின்தங்கி, அவர்கள் வளைவில் மறைந்ததும் அப்படியே விடுதிக்குத் திரும்பிவிடலாம், நாளையிலிருந்து ஜிம் பக்கம் தலைவைத்துப் படுக்காமல் இருந்துவிடலாம் என்று கணக்குப் போட்டு நின்றாள்.

முன்னால் போன அத்தனை காலடிச் சத்தமும் நின்றது.

யாரும் "நில்லுங்க" என்று கூவவில்லை. அதினாய் நின்றாள், அவளுக்கு முன்னால் இரட்டைக் குண்டுக்காரி சூரா நின்றாள், அவளுக்கும் முன்னால் ஏற்றத்தின் உச்சியில் பைஸ்தான் நின்றான். பனிச் சரிவில் நூல் பிடித்தது போல ஒரே வரிசையாக நின்றார்கள். ஜிபேக் குனிந்த தலையோடு காத்திருந்தாள். இப்போது யாராவது ஒருவர் முகத்தில் அந்தக் களை தெரியும், வாயால் எதுவும் சொல்லாமல் ரொட்டியை எண்ணுகிற களை. அவளுக்கு அது எல்லா வீட்டிலும் பழக்கம்.

நிமிர்ந்து பார்த்தபோது அப்படி ஒரு முகமும் இல்லை. ஒருவன் ஷூ கயிற்றை அவிழ்த்துக் கட்டினான். ஒருத்தி பனியை அள்ளி வாயில் போட்டுக்கொண்டாள். அதினாய் மட்டும் முணுமுணுத்தாள், அதுவும் தன் கால் விரலைப் பற்றி: "சுண்டுவிரல் இருக்கா போயிடுச்சான்னே தெரியல. இருந்தா ஒரு வார்த்தை சொல்லலாம்ல."

அந்த நேரத்தில் கிழக்கு முகட்டுக்கு மேல் சூரியன் வந்தது. பள்ளத்தாக்கு முழுவதும் ஒரே வீச்சில் வெளுத்தது. கீழே வெகு ஆழத்தில் ஆறு புகைந்துகொண்டு ஓடியது, அதன் இரு கரையிலும் வீடுகள் குனிந்து கிடந்தன, எதிரே மலைகள் ஒன்றன் பின் ஒன்றாக வானத்தின் விளிம்பு வரைக்கும் எழுந்து நின்றன. பிறந்ததிலிருந்து இந்த மலைகளுக்கு நடுவேதான் அவள் இருக்கிறாள். ஆனால் மாட்டுக்கு வைக்கோல் போடுகிறபோது யார் நிமிர்ந்து மலையைப் பார்ப்பார்கள்? இப்போது பார்த்தாள். அந்த வெளிச்சத்தில் வரிசையாக நின்றவர்களின் தோள்களிலிருந்து ஆவி எழும்பிக்கொண்டிருந்தது. மலை பெரியதா, தனக்காக இந்த மனிதர்கள் நிற்பது பெரியதா என்று அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. இரண்டையும் பார்த்துக் கண்ணீர் வந்தது.

"அழாதே, அழாதே!" என்று அதினாய் பதறினாள். "இமை ஒட்டிக்கும். அப்புறம் நாங்க ஊதி ஊதித் திறக்கணும். பைஸ்தான் அண்ணன் காலைல பூண்டு வேற தின்னிருக்காரு."

குத்தல் அடங்கியது. எல்லோரும் மறுபடி ஓடினார்கள்.

அந்தக் குளிர்காலத்தில் ஜிபேக்குக்குக் கால் முளைத்தது என்றுதான் சொல்ல வேண்டும். அதுவரை அவளுக்கு இருந்தது நடந்து போகிற கால், கூப்பிட்டால் ஓடிவருகிற கால். இது வேறு. ஏற்றத்தில் மற்றவர்களுக்கு இளைக்கும்போது அவளுக்கு மூச்சு அப்போதுதான் சீராகும். பிப்ரவரியில் பையன்களைத் தாண்டினாள். பனி உருகத் தொடங்கியபோது அவளோடு தோளுக்குத் தோள் ஓட அதினாயைத் தவிர ஆள் இல்லை. தன் உடம்புக்குள் இத்தனை நாளாக இது சத்தம் காட்டாமல் உட்கார்ந்திருந்ததா என்று அவளுக்கே திகைப்பாக இருந்தது. ஒரு நாள் தண்டால் பஸ்கியெல்லாம் முடித்துவிட்டுப் பெரிய குண்டைத் தூக்கினாள். தூக்கியவள் பொத்தென்று தரை அதிரப் போட்டாள். கூடமே கைதட்டியது. மேல்மாடியில் வகுப்பு நடத்திக்கொண்டிருந்த வேதியியல் ஆசிரியை இறங்கிவந்து திட்டிவிட்டுப் போனார், அதற்கும் கைதட்டினார்கள்.

முன்வரிசையில் இரட்டைக் குண்டு தூக்குகிற சூரா மூன்றாம் வருட மாணவி. புருஷன் வெளிநாட்டில், கஸானில் கட்டட வேலை. அவளும் குழந்தை மீரிமும் நாத்தனார் பூபுசாரா வீட்டில் இருந்தார்கள். பூபுசாரா சந்தையில் துணிக்கடை வைத்திருப்பவள். தாய் தகப்பன் போன பிறகு தம்பியைத் தூக்கி வளர்த்தவள். அவள் கடை அடைத்து வரும்வரை குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாததால் மீரிம் ஜிம்மில் வளர்ந்தாள். மற்றக் குழந்தைகள் கட்டில் காலைப் பிடித்து எழுந்து நிற்கும். மீரிம் இரும்புக் குண்டின் கைப்பிடியைப் பிடித்து எழுந்து நின்றாள்.

ஏப்ரலில் ஒரு மாலை, கைப்பிடியை விட்டாள். எல்லோரும் பயிற்சியில் இருந்தார்கள். குழந்தை இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, கம்பளத்திலிருந்து தரைக்கு இறங்கி, ஆடி ஆடி வந்து, தரையில் உட்கார்ந்திருந்த ஜிபேக்கின் முழங்காலைப் பிடித்தாள். கூடம் மூச்சடங்கிப் போயிற்று. தலைக்கு மேல் குண்டைப் பிடித்திருந்த பைஸ்தான் அதைக் கீழே இறக்கவே மறந்து நின்றான். ஒரு பிஞ்சு ஜீவன், தன் காலில் தானே நின்று, ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்கு வந்துவிட்டது. உலகத்தில் எல்லோரும் செய்கிற காரியம்தான்; ஆனால் நேரில் பார்க்கிறவனுக்கு அது எவ்வளவு பெரிய அதிசயம்!

"போச்சு," என்றாள் சூரா, கண்ணைத் துடைத்துக்கொண்டே. "இனி இவளைப் பிடிக்க முடியாது. தளை அறுத்துடணும்."

நடக்கத் தொடங்கிய பிள்ளையின் கால்களைக் கறுப்பும் வெள்ளையுமாக முறுக்கிய கம்பளிக் கயிற்றால் கட்டி நிறுத்துவார்கள். தூரத்திலிருந்து ஓட்டப்பந்தயம்: மிட்டாய்க்காக வாண்டுகள் ஓடுவது சின்னப் பந்தயம், பிறகு பெரியவர்கள் ஓடுவது பெரிய பந்தயம். அதில் முதலில் வந்து சேருகிறவர் கத்தியை வாங்கித் தளையை அறுக்க வேண்டும். அறுத்தவரின் நடை பிள்ளைக்கு வரும் என்பார்கள். நடை மட்டுமல்ல, கால் ராசியும். யாராவது தடுக்கி விழுந்தால், "உனக்குத் தளை அறுக்கலையா?" என்றுதான் இன்றைக்கும் கேலி செய்வார்கள்.

"பெரிய பந்தயம் நம்ம கிளப்புக்கு," என்றாள் சூரா. "வேற யாரும் வேண்டாம்னு அக்காகிட்ட சொல்லிடறேன். எல்லாரும் ஓடணும். ஜிபேக், நீ கண்டிப்பா."

ஜிபேக் தலையாட்டினாள். ஆனால் அன்று விடுதிக்குத் திரும்புகிற வழியெல்லாம் ஒன்றையே யோசித்துக்கொண்டு நடந்தாள். அவளுக்குத் தளை அறுத்தார்களா? போனில் அம்மாவைக் கேட்டாள். "மாமா வீட்டுல செஞ்சிருப்பாங்களே," என்றாள் அம்மா. மாமாவைக் கேட்டாள். "அத்தை வீட்டுலதானே நீ நடக்க ஆரம்பிச்சே?" என்றார் மாமா. அத்தையோ, "எங்க வீட்டுக்கு வரும்போதே நீ ஓடிக்கிட்டுல்ல வந்தே," என்றாள். ஒவ்வொரு வீடும் முந்தின வீடு செய்திருக்கும் என்று நினைத்திருக்கிறது. யாரையும் குற்றம் சொல்வதற்கில்லை.

மே மாதம், ஆற்றங்கரைப் புல்வெளியில் விருந்து. கம்பளங்கள் விரித்து, பூர்சோக் என்கிற மாவுத்துண்டுகளைப் பொரித்துக் குவித்து, ஆடு அறுத்து, பெரிய கொப்பரையில் கறி கொதித்துக்கொண்டிருந்தது. ஜிபேக் விருந்துகளுக்குப் புதியவள் அல்ல. எத்தனையோ விருந்துகளில் பாத்திரம் கழுவியிருக்கிறாள். விருந்தாளியாக அழைக்கப்பட்டது இதுதான் முதல் தடவை. ஆனால் பழக்கம் விடுமா? வந்ததும் வராததுமாகக் கால் தானாகத் தேநீர் கொதிக்கிற சமோவார் பக்கம் போயிற்று. கூடாரத்துக்குப் பின்னால் உட்கார்ந்து கிண்ணங்களைக் கழுவ ஆரம்பித்துவிட்டாள்.

கூடாரத் துணிக்கு அந்தப் பக்கம் பூபுசாரா பக்கத்து வீட்டுக்காரியிடம் பேசிக்கொண்டிருந்தாள்.

"எல்லாம் சூரா ஏற்பாடு. நான் என்னத்தைச் சொல்ல. அந்த ஜிபேக்னு ஒரு பொண்ணு, அதுதான் முந்துமாம். நல்ல பொண்ணுதான், கை சுத்தம், மரியாதை தெரிஞ்சது. ஆனா வாசல் வாசலா வளர்ந்த பிள்ளை அக்கா அது. பெத்தவங்க வெளிநாட்டுல, பிள்ளை இங்க. என் தம்பியும் அங்கதான் கெடக்கான். நாளைக்கு சூராவையும் வரச் சொல்லுவான். அப்போ என் மீரிம் யார் வாசல்ல நிக்கும்? அந்தக் கால் ராசி மட்டும் இந்தப் பிள்ளைக்கு ஒட்டிடக் கூடாது. வேற யாராச்சும் முந்தினா என் வயித்துல பால் வார்த்த மாதிரி."

ஜிபேக்கின் கையிலிருந்த கிண்ணம் தண்ணீருக்குள் நழுவியது. கோபம் வந்திருந்தால் நல்லது. கோபம் வரவில்லை. பூபுசாரா சொன்னது சரி என்றுதான் அவளுக்குப் பட்டது. முழங்காலைப் பிடித்த அந்தப் பிஞ்சுக் கையை நினைத்தாள். அந்தக் குழந்தை மாமா வீட்டுக்கும் அத்தை வீட்டுக்கும் நடந்து நடந்து, படுக்கையை யாரும் படுக்காத மாதிரி மடித்து வைக்கப் பழகுவதை நினைத்தாள். வேண்டாம். யார் முந்தினாலும் தான் முந்தக் கூடாது என்று முடிவு செய்துகொண்டாள். கிண்ணங்களைத் துடைத்துக் கவிழ்த்துவிட்டு எழுந்தாள்.

புல்வெளியின் மறுகோடியில் கிளப் முழுவதும் வரிசைகட்டி நின்றது. சூரா மட்டும் குழந்தையோடு இந்தக் கோடியில். தளை கட்டிய கால்களோடு மீரிம் நிற்க, சூரா அவள் அக்குளைப் பிடித்திருந்தாள். பக்கத்தில் பூபுசாரா கத்தியோடு. இரண்டு பக்கமும் சொந்தபந்தம், கல்பாக் தொப்பி போட்ட பெரியவர்கள், ஏற்கனவே ஒரு சுற்று ஓடி முடித்து மிட்டாய் தின்றுகொண்டிருந்த வாண்டுகள். ஒரு தாத்தா தொப்பியைக் கழற்றி வீசினார். ஓட்டம் தொடங்கியது.

அதினாய் அம்பு மாதிரி கிளம்பினாள். ஜிபேக் அவளுக்கு ஒரு தோள் பின்னால் ஓடினாள். பார்க்கிறவர்களுக்கு உயிரைக் கொடுத்து ஓடுவது போலத்தான் இருந்திருக்கும். கை வீசினாள், பல்லைக் கடித்தாள். ஆனால் ஒரு குளிர்காலம் முழுக்கப் பக்கத்தில் ஓடியவளை ஏமாற்ற முடியுமா? அதினாய் பாதி தூரத்தில் திரும்பிப் பார்த்தாள்.

"என்னடீ ஆச்சு? குத்துதா?"

"இல்ல. நீ ஓடு."

"மூச்சே வாங்கல உனக்கு. நடிக்கறியா?"

"ஓடு அதினாய், போ!"

இன்னும் பிந்த வேண்டும் என்று ஜிபேக் காலைத் தளர்த்தினாள். தளர்த்திய கால் தானாகவே நின்றுவிட்டது. அவ்வளவுதான். அதினாய் நின்றாள். பைஸ்தான் நின்றான். அவர்கள் பேசிய நேரத்தில் தாண்டி முன்னால் போயிருந்த இரண்டு பையன்கள், பின்னால் திரும்பிக்கூடப் பார்க்காமல், காலடிச் சத்தம் குறைந்ததைக் கேட்டே நின்றார்கள். யோசித்துச் செய்த காரியமல்ல அது. குளிர்காலம் முழுக்க மலையில் உடம்பு பழகிய பழக்கம். தட்டையான புல்வெளியில், பட்டப்பகலில், ஊரே பார்த்துக்கொண்டிருக்கையில், பந்தயத்தின் நட்டநடுவில் அத்தனை பேரும் நின்றுவிட்டார்கள்.

கூட்டத்துக்கு ஒன்றும் புரியவில்லை. கூச்சல் அடங்கியது. கொப்பரைக்காரர் கரண்டியோடு எட்டிப் பார்த்தார். "பாம்பா?" என்று யாரோ கேட்டார்கள்.

"நிக்காதீங்க!" என்றாள் ஜிபேக். "இது மலையில்ல. தயவுசெஞ்சு போங்க. யாராவது போய் அறுங்க. நான் அறுக்கக் கூடாது."

"ஏன் கூடாது?" என்றான் பைஸ்தான், மூச்சு வாங்க.

"என் கால் ராசி அவளுக்கு வேண்டாம் அண்ணா. நான் எங்கயும் இருந்தவ இல்ல. எனக்குத் தளையே அறுக்கல. வீட்டுக்கு வீடு தள்ளிவிட்ட பிள்ளை நான். அவ என்னை மாதிரி ஆகிட்டா? அவளாச்சும் ஒரு இடத்துல இருக்கட்டும்."

அழுதுகொண்டு சொன்னாள், சத்தமாகவும் சொன்னாள். அமைதியாகிவிட்ட புல்வெளியில் அது அந்தக் கோடி வரை கேட்டது.

அதினாய் தன் சட்டைக் கையால் அவள் முகத்தைத் துடைத்தாள். பைஸ்தான் தலையைச் சொறிந்தான். ஆறுதல் சொல்ல அவனுக்கு வராது.

"எனக்கு ராசியெல்லாம் தெரியாது," என்றான். "நீ நின்னா நான் நிப்பேன், அது தெரியும். நீ ஓடலேன்னா இங்க ஒருத்தரும் ஓடப்போறதில்ல. மீரிம் கல்யாணத்து வரைக்கும் தளையோட நிக்கட்டும். மாப்பிள்ளை வந்து அறுத்துக்கட்டும்."

யாரோ மூக்கால் சிரித்தார்கள். ஜிபேக் சுற்றிப் பார்த்தாள். வியர்த்த முகங்கள், இடுப்பில் ஊன்றிய கைகள். ஊரார் முன்னிலையில் முட்டாள்களாக நிற்பதைப் பற்றி ஒருவருக்கும் கவலை இல்லை. அவளைவிட்டுப் போகிற எண்ணம் ஒருவர் காலிலும் இல்லை. இவ்வளவு பேர், இவ்வளவு பெரிய வெளியில், தன்னைச் சுற்றி. அவளுக்கு அந்தச் சூரியன் வந்த காலையைவிட இது பெரியதாக இருந்தது.

அந்தக் கோடியில் மீரிமுக்குப் பொறுமை போய்விட்டது. தன்னை நோக்கி வந்துகொண்டிருந்தவர்கள் ஏன் நின்றார்கள் என்று அவளுக்கு யார் சொல்வது? கட்டிய காலை இழுத்துப் பார்த்தாள். தளை விடவில்லை. வீறிட்டு அழ ஆரம்பித்தாள்.

"ஜிபேக்!" என்று சூரா கத்தினாள். "பிள்ளை அழுதுடீ! ஓடி வா!"

அதற்குப் பிறகு நடந்ததை நரின் ஊரில் அன்று இருந்தவர்கள் இன்னும் பேசுகிறார்கள். ஜிபேக் ஓடினாள். மிச்சம் வைக்காமல் ஓடினாள். மற்றவர்களும் விட்டுக்கொடுத்து ஓடவில்லை. அது அவர்களுக்குத் தெரியாது. அதினாய் பக்கத்திலேயே வந்தாள், இருவர் தோளும் உரசின. பையன்கள் பின்னால் தரை அதிர வந்தார்கள். அத்தனை மூச்சும் ஒன்றாகக் கேட்டது. குதிரை ஓட்டத்தில் தலை நரைத்த கிழவர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். ஒருவர் தொப்பியை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். கடைசி இருபது அடியில் அதினாய் முந்திவிட்டாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். ஜிபேக் எங்கிருந்தோ இன்னொரு எட்டு எடுத்தாள், அவள் நெஞ்சு முதலில் வந்தது. புல்லில் முழங்கால் இழுபடக் குழந்தையின் முன் விழுந்தாள்.

மீரிம் அழுகையை நிறுத்திவிட்டு அவள் தலைமுடியைப் பிடித்துக்கொண்டாள்.

பூபுசாரா கத்தியைக் கொடுக்கவில்லை. பிடித்தபடியே நின்றாள். அவள் முகம் வெளிறியிருந்தது. ஓடிவந்தவர்கள் ஒவ்வொருவராக இளைக்க இளைக்கச் சுற்றி நின்றார்கள்.

"நான் பேசினது உன் காதுல விழுந்திருக்கு," என்றாள் பூபுசாரா.

ஜிபேக் தலை குனிந்தாள்.

"விழுந்தா விழட்டும். சொன்னதை நான் திரும்ப எடுத்துக்க மாட்டேன் பொண்ணே. வாசல் வாசலா நிக்கிற கதி என் பிள்ளைக்கு வேண்டாம். எந்தப் பிள்ளைக்கும் வேண்டாம், உனக்கும் வந்திருக்க வேண்டாம்." பூபுசாரா மூச்சை இழுத்துக்கொண்டாள். "ஆனா நான் எத்தனையோ தளை அறுப்புப் பார்த்திருக்கேன். முட்டி மோதிக்கிட்டுத்தான் ஓடுவாங்க, சட்டையைப் பிடிச்சு இழுப்பாங்க. ஒருத்திக்காக எல்லாரும் நின்னதை இன்னிக்குத்தான் பார்க்கிறேன். என் தம்பியும் நானும் தெருவுல நின்னப்போ எங்களுக்காக ஒருத்தர் நிக்கல."

குனிந்து, கத்தியைத் திருப்பி, பிடியை ஜிபேக்கின் பக்கம் நீட்டினாள்.

"அந்த ராசி இவளுக்கு வேணும். நீ நின்னா நிக்கிறாங்களே, அது. அதைக் குடு என் பிள்ளைக்கு. அறு."

ஜிபேக் கத்தியை வாங்கினாள். அதினாய் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள், பைஸ்தான் குனிந்து குழந்தையின் பாதத்தைப் பிடித்துக்கொண்டான். கறுப்பும் வெள்ளையுமான கம்பளி இழைக்குக் கீழே கத்தியை விட்டு, ஜிபேக் ஒரே இழுப்பில் அறுத்தாள். மீரிம் கீழே பார்த்தாள், காலைப் பிரித்து வைத்துப் பார்த்தாள், பிறகு யார் கையையும் பிடிக்காமல் ஆற்றைப் பார்த்து ஓடத் தொடங்கினாள். கிளப் முழுவதும் அவள் பின்னால் ஓடியது.